உதடு ஒட்டும் சொல்

டப்பிங் தொழிலில் எனக்குப் பெருமூச்சு என்று பெயர். பெற்றவர்கள் வைத்த பெயர் ஸ்டுடியோவில் யாருக்கும் தேவைப்படவில்லை. கதாநாயகி ஏங்கினாலும் விம்மினாலும், காதலன் தோளில் சாய்ந்து மூச்சு வாங்கினாலும், பேச்சு யாருடையதாக இருந்தாலும் மூச்சுக்கு என்னைக் கூப்பிடுவார்கள். வாயைத் திறந்து ஒரு வார்த்தை பேசாமலே காலத்தை ஓட்டியவள் என்று வசனக்காரர் என்னைக் கிண்டல் செய்வார். அது சுத்தப் பொய். முழு வசனமும் பேசியிருக்கிறேன். ஆனால் இந்தப் பெயர் ஒட்டிக்கொண்டுவிட்டது, இனி உரிக்க முடியாது.

அந்த மூச்சுதான் வீட்டில் வினையாகப் போனது. ஒரு ஞாயிற்றுக்கிழமை என் கணவரின் அண்ணன் குடும்பம் வந்திருந்தது. டிவியில் ஏதோ காதல் படம். யாரோ ஒருத்தி கண்ணை மூடுகிறாள், என் மூச்சு கூடம் முழுக்கக் கேட்கிறது. அவருடைய அண்ணி வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்காமல், இது நம்ம வீட்டு மூச்சு மாதிரி இருக்கே என்றாள். எல்லாரும் சிரித்தோம். என் கணவர் மட்டும் எழுந்து உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். இனிமேல் அந்தப் பக்கமே போகக்கூடாது என்று அன்று ராத்திரி சொன்னார். நான் போனேன். என் வேலை, போனேன். அதற்குப் பிறகு வீட்டில் தினமும் சண்டைதான்.

அப்புறம் ஒரு சாயங்காலம். ரெக்கார்டிங்குக்குக் கிளம்பிப் பையைத் தோளில் மாட்டியது நினைவிருக்கிறது. எங்கள் வீடு மாடியில்; வாசலைத் திறந்தால் நேராகப் படிக்கட்டு. வாசலைத் திறந்ததும் நினைவிருக்கிறது. அதற்குப் பிறகு மிச்சமிருப்பது ஒரே ஒரு காட்சி. என் மகனுடைய முகம், மிக அருகில். அவன் உதடு ஒருமுறை ஒட்டிப் பிரிகிறது. சத்தம் கிடையாது. அதோடு ஆஸ்பத்திரிதான்.

படியில் கால் வழுக்கிவிட்டது என்று சொன்னார்கள். அவர் கடைக்குப் போயிருந்தாராம். மகன் உள்ளறையில் வேலையாக இருந்தவன் சத்தம் கேட்டு ஓடிவந்து, கீழே கிடந்த என்னைத் தூக்கினானாம். கைப்பிடிக் கம்பியின் உடைந்த முனை என் கழுத்தைக் குறுக்காகக் கிழித்திருந்தது. இன்னும் கொஞ்சம் உள்ளே போயிருந்தால் குரலே போயிருக்கும், ஆளும் போயிருப்பார் என்றார் டாக்டர். வலது மணிக்கட்டு கன்றிப்போய்க் கறுத்துக் கிடந்தது. விழுந்ததில் பட்டிருக்கும் என்றார்கள். நான் கண்ணைத் திறப்பதற்கு முன்னாலேயே காதில் விழுந்த முதல் குரல் மகனுடையது. நடந்தது எதுவும் அவங்களுக்கு ஞாபகம் இருக்குமா என்று டாக்டரிடம் கேட்டுக்கொண்டிருந்தான். பிள்ளை எப்படிப் பதறியிருக்கிறான் என்று நான் உருகிப்போனேன்.

அந்தச் சத்தமில்லாத காட்சியைப் பொத்திப் பொத்தி வைத்திருந்தேன். உதடு பார்த்து வசனம் சொல்வது என் பிழைப்பு. ஒருமுறை ஒட்டிப் பிரிகிற உதடு, அதுவும் பெற்ற பிள்ளையின் உதடு, வேறென்ன சொல்லும்? அம்மா என்று கத்தியிருக்கிறான்.

விழுந்து எழுந்த பிறகு வீட்டில் ஒரே அன்பு. டப்பிங்குக்குப் போகாதே என்ற பேச்சே இல்லை. அவர் குரலை உயர்த்துவதில்லை. நான் கூடத்துக்கு வந்தால் எழுந்து நாற்காலியைக் காலி செய்தார். மகன் கம்ப்யூட்டரில் பார்க்கிற வேலையைத் தூக்கிக்கொண்டு என்னோடு ஸ்டுடியோவுக்கே வந்தான். காரில் கூட்டிப் போய், முடியும்வரை சோஃபாவில் உட்கார்ந்திருந்து, பிளாஸ்க்கில் வெந்நீர் கொடுத்துத் திரும்பக் கூட்டிவந்தான். திரும்பும் வழியில் தினமும் ஒரே கேள்வி. ஏதாவது ஞாபகம் வந்துச்சாம்மா? இல்லடா என்பேன். வரலைன்னா விடும்மா என்பான்.

நானும் விட்டிருப்பேன். ஆனால் மாடிக்கு ஏறி, படிக்கு முதுகைக் காட்டிக்கொண்டு பூட்டைத் திறக்கிற நேரத்தில் மட்டும் முதுகு சில்லிட்டுப்போகும். பின்னால், கொஞ்சம் கீழே, யாரோ நிற்கிற மாதிரி. திரும்பிப் பார்த்தால் வெறும் படி. தினமும் நான் திரும்பிப் போகிற இடம் வீடுதானா என்று ஒரு சந்தேகம் எனக்குள் உட்கார்ந்துவிட்டது. அதை யாரிடம் போய்க் கேட்பது? அந்த ஒரு சாயங்காலம் திரும்பக் கிடைத்தால்தான் அது தீரும்.

இப்படி இருக்கும்போதுதான் அந்தப் புராணத் தொடர் வந்தது. வேற்று மொழியில் எடுத்தது, தமிழில் பேசவேண்டும். எனக்குத் தாய் வேடம். கதை உங்களுக்கும் தெரிந்திருக்கும். முனிவர், மகா கோபக்காரர். மனைவி ஆற்றங்கரை ஈர மண்ணைப் பிசைந்து, சுடாத குடமாக்கித் தண்ணீர் கொண்டுவருகிறாள். அவள் மனம் சுத்தமாக இருக்கிறவரை குடம் கரையாதாம். ஒருநாள் தண்ணீரில் வானத்தில் போகிற ஒருத்தனின் நிழல் தெரிகிறது. அழகாக இருக்கிறானே என்று ஒரு கணம் பெருமூச்சு விட்டுவிடுகிறாள். குடம் கரைந்துவிட்டது. முனிவர் மகன்களைக் கூப்பிட்டு அவளை வெட்டச் சொல்கிறார். மூத்தவர்கள் மாட்டேன் என்கிறார்கள். கடைசிப் பிள்ளை கோடரியை எடுக்கிறான். சொன்ன பேச்சைக் கேட்டதில் அப்பாவுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை, என்ன வரம் வேண்டும் என்கிறார். அம்மா பிழைக்கவேண்டும், நடந்தது எதுவும் அவளுக்கு நினைவிருக்கக்கூடாது என்று கேட்கிறான். எழுந்து உட்கார்ந்த அம்மா நன்றாகத் தூங்கிவிட்டேன் என்கிறாள். சுபம்.

சின்ன வயதில் கேட்டபோது நல்ல பிள்ளை, அம்மா பயந்துவிடக் கூடாதே என்று கேட்டிருக்கிறான் என்றுதான் நினைத்தேன். கழுத்தில் தழும்போடு மைக் முன்னால் நின்றபோது அப்படித் தோன்றவில்லை. ஒரு பெருமூச்சுக்கு ஒரு தலை. இவளுக்காவது தண்ணீரில் ஒரு நிழல் தெரிந்தது, எனக்கு அதுவும் கிடையாது.

ஸ்டுடியோவில் அன்று வேலையில் நாங்கள் மூன்று பேர். கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நான். அந்தப் பக்கம் வசனக்காரரும் சவுண்டுக்காரப் பெண்ணும். அவர்களுக்குப் பின்னால் சோஃபாவில் என் மகன். படத்தைத் துண்டு துண்டாகத் திருப்பித் திருப்பி ஓட்டுவார்கள். ஒரு துண்டுக்கு லூப் என்று பெயர். ஆளுக்கொரு நாள் வந்து அவரவர் லூப்பைப் பேசிவிட்டுப் போவோம். மகன் வேடத்துக்குப் பேசுகிறவர் மறுநாள்தான் வருவார்.

வரம் கேட்கிற லூப்பில் எனக்கு வேலை இல்லை. மரத்தடியில் அவள் தலை தனியாகக் கிடக்கிறது, பக்கத்தில் மகன் மண்டியிட்டிருக்கிறான். அடுத்த லூப் என்னுடையது என்பதால் மைக்கைத் திறந்து வைத்திருந்தார்கள். ஓடி முடிந்ததும் சவுண்டுக்காரப் பெண் ஹெட்ஃபோனைச் சரிசெய்துகொண்டு, செத்தவங்க மூச்சு விடக்கூடாதுக்கா என்றாள். நான் விடவில்லை. இன்னொரு முறை ஓட்டினாள். இந்தத் தடவை வேண்டுமென்றே மூச்சை அடக்கிக்கொண்டு நின்றேன். பதிவைப் போட்டுக் காட்டினாள். மகன் முதல் வரம் கேட்கிறான், அமைதி. நினைவிருக்கக்கூடாது என்கிறான், அந்த இடத்தில் ஒரு மூச்சு. மெதுவாக உள்ளே இழுத்து, வெளியே விடாமல் நிறுத்திக்கொண்ட மூச்சு. தூங்குவதுபோல் பாசாங்கு செய்கிறவர்கள் அப்படித்தான் இழுப்பார்கள், எனக்குத் தெரியும், அதைச் செய்துகாட்டித்தான் பெயர் வாங்கியிருக்கிறேன்.

மூன்றாவது முறையும் ஓடியது. முடிந்ததும் அவள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அக்கா, இந்தத் தடவை உங்க மைக்கை மூடிட்டுத்தான் ஓட்டினேன்."

மூச்சு அதே இடத்தில் இருந்தது. மெஷின் பழசு, பழைய டேக் எங்காவது ஒட்டிக்கொண்டிருக்கும், அழித்துவிட்டு மேலே போகலாம் என்றார் வசனக்காரர். அவள் அழித்தாள். அப்படியானால் படத்தில் அந்த அம்மா கேட்டுக்கொண்டுதான் கிடந்திருக்கிறாள். தான் எதை மறக்கவேண்டும் என்று மகன் கேட்பதை, வெட்டுப்பட்ட தலையோடு, ஒரு எழுத்து விடாமல் கேட்டிருக்கிறாள்.

அடுத்த லூப் அவள் பிழைத்து எழுவது. கண்ணைத் திறக்கிறாள், கை தானாகக் கழுத்துக்குப் போகிறது, மகனைப் பார்த்து ஏதோ சொல்கிறாள். அந்த இடத்தில் மூலத்தின் குரலே இல்லை, இசைக்கு நடுவில் வெறும் உதடுதான். மேல்பல் கீழுதட்டில் பட்டு, பிறகு வாய் லேசாகத் திறக்கிறது. மிகச் சின்ன வார்த்தை. வகரத்தில் தொடங்கவேண்டும் என்பதற்காக "வந்துட்டியா மகனே, நல்லாத் தூங்கிட்டேன்" என்று வசனக்காரர் எழுதியிருந்தார். வாய் மூடிய பிறகும் வசனம் ஓடியது. மிச்சத்தை அவள் முதுகு தெரிகிற ஷாட்டில் தள்ளிவிடலாம் என்றார். தள்ளினோம். அவள் வாய்க்கு அது ஒட்டவில்லை என்று எங்கள் எல்லாருக்கும் தெரிந்திருந்தது. கோடரி இன்னும் அவன் கையில் இருந்தது, முனிவர் பக்கத்தில் நின்றார். இரண்டு பேருக்கும் நடுவில் கண் விழித்தவள் தூங்கிவிட்டேன் என்றுதானே சொல்லியிருப்பாள், வேறு என்ன சொல்லிவிட முடியும் என்று நினைத்துக்கொண்டேன்.

கடைசியாக மிஞ்சியது முந்தைய காட்சி. கோடரியை ஓங்குவதற்கு முன் மகன் ஒரு சொல் சொல்கிறான். அதைக் கேட்டு அவள் திடுக்கிட்டு ஒரு மூச்சு இழுக்கவேண்டும். அந்த இடத்திலும் மூலக் குரல் இல்லை. எதைக் கேட்டுத் திடுக்கிடுவது? சும்மா அளவுக்கு யாராவது அந்தச் சொல்லைச் சொன்னால் போதும் என்றேன். வசனக்காரர் தொண்டை கட்டியிருக்கிறது என்று சாக்குச் சொல்லி நழுவினார். சவுண்டுக்காரப் பெண் திரும்பி என் மகனைப் பார்த்தாள். ஒரே ஒரு வார்த்தைதான், 'அம்மா', அது வராத பிள்ளை உண்டா என்று அவனைத் தள்ளி அனுப்பினாள். அவனுக்கு விருப்பமில்லை. ஆனாலும் வந்து என் பக்கத்து மைக்கில் நின்றான்.

படம் ஓடியது. அந்தப் பையனின் முகம் திரை முழுக்க. உதடு ஒட்டிப் பிரிந்தது. என் மகன் சொன்னான்.

"அப்பா?"

கத்தவில்லை. கேள்வியாக, கடைசி எழுத்தைக் கொஞ்சம் தூக்கிச் சொன்னான். உதட்டில் அப்படியே உட்கார்ந்தது. வசனக்காரர் கண்ணாடிக்கு அப்பால் விழுந்து விழுந்து சிரித்தார்.

"நான் அம்மான்னு எழுதிக் கொடுத்தா தம்பி கட்சி மாறிட்டாரே! ஆனா பாருங்க மேடம், எவ்வளவு அழகா ஒட்டுது. அம்மாவுக்கும் அப்பாவுக்கும் உதட்டுல வித்தியாசமே கிடையாது."

தெரிந்த விஷயம்தான். மகரமும் பகரமும் ஒரே வாய். இந்தத் தொழிலுக்கு வருகிறவர்களுக்கு முதல் வாரமே சொல்லிக் கொடுக்கிற பாடம். வேறு யாராவது என் காட்சியைக் கொண்டுவந்து காட்டி இது என்ன வார்த்தை என்று கேட்டிருந்தால், இரண்டில் ஒன்று என்று நானே சொல்லியிருப்பேன். பெற்ற பாசம் ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டது.

மகன் மைக்கைவிட்டு ஒரு அடி பின்னால் போனான். தப்பா சொல்லிட்டேன் சார் என்றான். இன்னொரு தடவை சொல்லச் சொன்னார்கள். எனக்கு வராது என்று சொல்லிவிட்டு, என்னைப் பார்க்காமல் வெளியே போனான்.

சவுண்டுக்காரப் பெண் யோசனையோடு படத்தை மறுபடி மறுபடி ஓட்டிக்கொண்டிருந்தாள். அந்தப் பையன் அம்மாவையே பார்க்கவில்லை, அவள் தோளுக்கு மேலே பார்க்கிறான், பின்னால் முனிவர் நிற்கிறார், அதனால் அப்பா என்பதுதான் சரி என்றாள். வசனக்காரரும் ஒத்துக்கொண்டு அடித்து எழுதினார்.

நான் மனசுக்குள் என் காட்சியை ஓட்டிப் பார்த்தேன். இப்போது அதற்குக் குரல் கிடைத்துவிட்டது. அதே கேள்வி, அதே தூக்கல். ஒட்டியது. உதட்டை மட்டுமே பார்த்துக் கொஞ்சியிருக்கிறேன் இத்தனை மாதமும். இப்போது கண்ணைப் பார்த்தேன். அவன் என்னைப் பார்க்கவில்லை. என் தோளுக்கு மேலே, எனக்குப் பின்னால், கொஞ்சம் கீழே பார்த்துக்கொண்டிருந்தான். அவன் தலைக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று பார்த்தேன். எங்கள் வாசல்கதவு. கதவுக்கு மேலே சுவரில் மாட்டியிருக்கும் மின்சார மீட்டர். கீழே விழுந்து கிடந்தவளைக் குனிந்து தூக்குகிறவன் தலைக்குப் பின்னால் அது எப்படி அவ்வளவு கிட்டத்தில் வரும்? அது மேல்படி. அப்போது நான் இன்னும் விழவில்லை.

எடுத்துக்கலாமா மேடம் என்றார் வசனக்காரர். சரி என்றேன். திடுக்கிடும் மூச்சை ஒரே டேக்கில் கொடுத்தேன். நல்லா இருந்தது என்று யாரும் சொல்லவில்லை.

அவன் காரில் என்னைத் திரும்பக் கூட்டிவந்தான். வெளிச்சம் மங்கிக்கொண்டு வந்தது, கடைகளில் விளக்கு போட ஆரம்பித்திருந்தார்கள். தினமும் கேட்கிற கேள்வியை அன்று கேட்கவில்லை. எங்கள் தெருவில் திரும்பி, வீட்டின் முன்னால் ஓரமாக வண்டியை நிறுத்தினான். நான் இறங்கவில்லை. மேலே கூடத்து விளக்கு எரிந்தது.

இன்றைக்குக் கேட்கவில்லையே என்றேன்.

"எனக்கு ஞாபகம் வந்துச்சான்னு தினமும் கேக்கறியே. உனக்கு ஞாபகம் இருக்காடா?"

ஸ்டீயரிங்கைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தான். வரத்தைக் கேட்டவன் தனக்கு மறதி வேண்டும் என்று கேட்க மறந்துவிட்டான், பாவி. இத்தனை நாளும் இவன் ஒருத்தன் மட்டும் அதைச் சுமந்துகொண்டு எனக்கு வெந்நீர் ஊற்றிக் கொடுத்திருக்கிறான். எனக்குக் கோபம் வந்தது, இரக்கமும் வந்தது, இரண்டில் எது பெரியது என்று சொல்லத் தெரியவில்லை. அவன் கை ஸ்டீயரிங்கிலிருந்து நழுவியது. மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டேன். அப்போதுதான் அவனுக்குப் பேச்சு வந்தது.

"அவளைப் பிடிடான்னு அப்பா சொன்னார். உன் கையைப் பிடிச்சேன். நீ திமிறினே. உனக்குப் பின்னாடி படி. அவர் ரெண்டு படி கீழ வழியை மறிச்சு நின்னார். அப்புறம்... விடுன்னார்."

நிறுத்தினான். பிடியை நான் இறுக்கினேன்.

"எதுக்குச் சொன்னார்னு தெரியலம்மா. போகட்டும் விடுன்னு சொல்றாரோன்னு நினைச்சேன். அப்பான்னு கேட்டேன். மறுபடியும் விடுன்னார். விட்டுட்டேன்."

"அவர் கீழதானே நின்னார். என்னைப் பிடிக்கலையா?"

"ஒதுங்கிக்கிட்டார்மா."

அழத் தொடங்கினான். அம்மா என்றான், மன்னிச்சிடு என்றான். இப்போது குரலும் இருந்தது, உதடு பார்க்கவேண்டிய அவசியமில்லை. நான் கண்ணைப் பார்த்தேன். அழுதுகொண்டிருந்த கண் மெல்ல நகர்ந்து என் தோளுக்கு மேலே போய் நின்றது.

திரும்பிப் பார்க்காமலே முதுகு சில்லிட்டது. ஜன்னல் கண்ணாடியில் விரலால் தட்டும் சத்தம். அவர் இறங்கி வந்திருந்தார். என் பக்கத்துக் கதவுக்கு வெளியே குனிந்து, மகன் முகத்தையும் நான் பிடித்திருந்த அவன் கையையும் பார்த்தார். கண்ணாடியை இறக்கினேன். அவர் குரலில் கோபம் எதுவும் இல்லை. அந்த மாதங்கள் முழுக்கப் பேசிய அதே மெத்தென்ற குரல்.

"என்ன இது, தெருவில உக்காந்துக்கிட்டு? அவன் கையை விடு. மேல வா, பேசிக்கலாம்."

விடு. இந்தத் தடவை என்னிடம் சொன்னார். சொன்ன பேச்சைக் கேட்டேன். மகனுடைய கையை விட்டேன். பையைத் தோளில் மாட்டிக்கொண்டு கதவைத் திறந்தேன். அவர் ஒதுங்கினார். ஒதுங்குவது அவருக்குப் பழக்கம்தானே.

படிக்கட்டு வலது பக்கம் இருந்தது. நான் இடது பக்கம் திரும்பி நடந்தேன். பின்னால் மகன் ஒரு சொல் கூப்பிட்டான். தெருச் சத்தத்தில் அது அம்மாவா அப்பாவா என்று எனக்குப் பிரியவில்லை, திரும்பிப் பார்க்கவும் இல்லை. தெருமுனை வந்ததும் நின்று போனை எடுத்து வசனக்காரரைக் கூப்பிட்டேன். எழுந்து உட்காருகிற காட்சியை நாளைக்குத் திரும்ப எடுக்கவேண்டும், அவள் தூங்கவில்லை, அந்த வாயில் உட்காருகிற வார்த்தை எனக்குக் கிடைத்துவிட்டது என்றேன். என்ன வார்த்தை என்று கேட்டார்.

"விட்டேன்" என்றேன். வாய்க்குள் இரண்டு தரம் சொல்லிப் பார்த்துவிட்டு, சரியாக இருக்கிறது, காலையில் வாருங்கள் என்றார்.